பூட்டிய வீட்டுக் குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த சாக்கடை

2023 செப்டம்பர் கடைசியில் ஒரு விடியற்காலை. சம்ப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு எழுந்து போய் மூடியைத் தூக்கினேன். அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை லேசாக மூக்கில் ஏறியது. எலி ஏதாவது விழுந்து செத்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓயவில்லை. அதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத அலைச்சல். யாராவது முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் என் மகள் படுக்கையில் கிடந்திருக்க மாட்டாள் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எங்களுடையது டெல்டாவில் ஒரு சின்ன நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிற தண்ணீர்தான் எங்களுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்தரை மணி வாக்கில் முக்கால் மணி நேரம் வரும். பிடித்து சம்ப்பில் விட்டு, மோட்டார் போட்டு மேலே ஏற்றிக்கொள்வோம். பாதாளச் சாக்கடை கிடையாது. தெருவின் இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. செப்டிக் டேங்க் நிறைந்தால் வழிவதும் அதில்தான். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நான், அத்தை, மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். தீபாவளிக்கு முந்தின ஒன்றரை மாதம்தான் எனக்கு வருடத்தின் பெரிய வருமானம். தண்ணீர்ப் பிரச்சினை வந்தது சரியாக அந்த நேரத்தில்.

முதல் தப்பு, அக்கம்பக்கத்தில் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. நம் வீட்டு சம்ப் நாறுகிறது என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்களே என்ற பயம். ஆள் வைத்து சம்ப்பையும் மேல் தொட்டியையும் கழுவினேன், 2,500 ரூபாய். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது வாடை இல்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்கடுத்த முறை, முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்தது, வாடை முன்னைவிட அதிகம். பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "உள்ள ஓடுற பைப்பெல்லாம் பழசுக்கா, துருப்பிடிச்சுப் போச்சு" என்றார். வீட்டுக்குள் ஓடுகிற பைப்பை முழுக்க மாற்றினோம். சாமானும் கூலியும் சேர்த்து 6,800. வாடை போகவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் சந்தேகம் வந்தால் சம்ப்பைக் கழுவுவதற்கு முன், தெருவிலிருந்து வருகிற குழாய் வாயிலேயே தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் வாளி நல்லது, கலங்கல் பளிச்சென்று தெரியும். தண்ணீர் வந்த முதல் நிமிடத்தில் ஒரு வாளி, பத்து நிமிடம் கழித்து ஒரு வாளி. இரண்டையும் பக்கத்தில் வைத்து மோந்து பாருங்கள். குழாய் வாயிலேயே வாடை அடித்தால் கோளாறு உங்கள் சம்ப்பில் இல்லை. முதல் வாளி மட்டும் நாறி இரண்டாவது நன்றாக இருந்தால், தெருக் குழாயிலோ உங்கள் வீட்டுக்கு வருகிற இணைப்பிலோ எங்கோ ஓட்டை வழியாக அழுக்கு உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம். செலவே இல்லாத சோதனை. இது தெரியாமல் 9,300 ரூபாயைத் தொலைத்தேன்.

அக்டோபர் நடுவில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தண்ணீர் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "சம்ப்பைக் கழுவுனீங்களாம்மா? பைப் உடைஞ்சிருக்கும், பாருங்க. நாங்களும் ஆளை அனுப்பறோம்" என்றார். நானும் நம்பி வந்துவிட்டேன். ஒரு வாரம் ஆச்சு, யாரும் வரவில்லை. மறுபடி போனால் அவர் இல்லை, இன்னொருவர் இருந்தார். "புகார் குடுத்தீங்களா? பதிவு நம்பர் என்ன?" என்றார். நான் வாயால் சொன்னதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மொத்தத்தில் நான் புகாரே கொடுக்காத மாதிரிதான். வாசலுக்கு வந்து நின்றபோது அழுகையே வந்துவிட்டது. வீட்டில் இருபத்தேழு ஜாக்கெட் வெட்டி வைத்தபடி கிடக்கிறது, அரை நாள் போச்சு.

அப்போதுதான் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். அலுவலக ஆள் மாதிரியே பேசினார், உள்ளே இருக்கிறவர்கள் பெயரெல்லாம் சொன்னார். "நாளைக்கே தோண்டிப் பாத்துடலாம், ரோடு கட்டிங்குக்குப் பணம் கட்டணும்" என்று 3,000 ரூபாய் கேட்டார். மறுநாள் காலை கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "வேலை முடிஞ்சதும் சேத்துத் தரேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. சாலை வெட்டும் கட்டணமோ, டெபாசிட்டோ, புது இணைப்புக் கட்டணமோ, எதுவானாலும் கவுன்டரில் கட்டி அச்சடித்த ரசீது கையில் வாங்க வேண்டும். வாசலில் நிற்கிற யாரிடமும் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புகாரை வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் 1100-க்குப் பேசிப் பதிவு செய்யலாம், புகார் எண் தருவார்கள். அந்த எண்ணும் தேதியும் கையில் இருந்தால் அடுத்த முறை போகும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பயம் அதிகமாகிப் போய், சரஸ்வதி பூஜைத் தள்ளுபடியில் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று வாங்கினேன், 14,500. குடிக்கிற தண்ணீர் சரியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று தோன்றியது. ஆனால் பாப்பா பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது குழாய்த் தண்ணீரில்தான். காய் கழுவுவது, தட்டு கழுவுவது, குளிக்கும்போது வாயில் போவது எல்லாமே அந்தத் தண்ணீர்தான். இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. நடுவில் கேன் தண்ணீரும் வாங்கினோம், நாற்பது ரூபாய் வீதம் ஐம்பத்தைந்து கேன். பக்கத்தில் ஒருத்தர் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைப் பார்த்து, 'கேஸ் விற்கிற விலைக்கு இது எதுக்கு' என்று நினைத்த நான் இன்றைக்குச் சொல்கிறேன்: காரணம் தெரிகிற வரைக்கும் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற வைத்த தண்ணீர்தான் நம்பகமானது. லேசாகச் சூடானதும் இறக்குவது போதாது.

நவம்பர் 1-ஆம் தேதி பாப்பாவுக்குக் காய்ச்சல். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். மழைக்காலக் காய்ச்சல் என்று இரண்டு நாள் கஷாயம் கொடுத்தோம். ஐந்தாம் தேதி காலையில் ஜன்னல் பக்கம் திரும்பியபோது அவள் கண் மஞ்சளாக இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தை உடனே கீழாநெல்லி பறிக்கப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருடைய பிள்ளைகளை அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு நான் யார் பேச்சையும் கேட்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ. வாந்தியில் உடம்பு வறண்டிருந்ததால் இரண்டு நாள் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். மொத்தம் 9,600.

டாக்டரிடம், "பத்து நாளா ஆர்.ஓ. தண்ணிதான் குடிக்கிறா, போன வாரம் பானிபூரி தின்னா, அதுவா இருக்குமோ" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என் தலையில் அடித்த மாதிரி இருந்தது. இந்த மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளே போனதிலிருந்து நோய் வெளியே தெரிய 15 நாளிலிருந்து 50 நாள் வரைக்கும் ஆகலாம், பெரும்பாலும் நாலு வாரம். "போன வாரத்தைப் பாக்காதீங்க, போன மாசம் என்ன தண்ணி குடிச்சான்னு பாருங்க." போன மாதம் நான் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் கேட்காமல், சம்ப்பைக் கழுவிவிட்டு அதே தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொன்னார். கண் மஞ்சளாவதற்கு முன்னாலேயே மலத்தில் கிருமி வெளியேற ஆரம்பித்துவிடுமாம். கழிப்பறை போய்விட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் வீடு முழுக்கக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றார். அத்தைக்கும் எனக்கும் வராமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். அந்தத் தீபாவளிக்கு வீட்டில் அடுப்பில் எண்ணெய் காயவில்லை. பாதிக்கு மேல் துணிகளைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். ஏறக்குறைய 25,000 ரூபாய் வருமானம் போச்சு. மூன்று பேர் வேறு கடைக்குப் போனவர்கள் போனவர்கள்தான்.

பாப்பாவுக்கு லீவு லெட்டர் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனபோதுதான் டீச்சர் சொன்னார், "உங்க தெருவிலேருந்து வர்ற இன்னும் ரெண்டு பிள்ளைக்கும் மஞ்சள் காமாலைம்மா." திரும்பி வரும்போது நேராக அந்த இரண்டு வீட்டுக்கும் போனேன். முதல் வீட்டு அம்மா கதவைத் திறந்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்க வீட்டுத் தண்ணி நாறுதா?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் சம்ப்பைக் கழுவியிருக்கிறார். அவரும் அதே பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டாவது வீட்டில் அக்டோபர் முதல் வாரமே அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரே தெருவில் மூன்று வீடு ஒரே நாற்றத்தைத் தனித்தனியாக மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. தண்ணீர் வருகிற ஒவ்வொரு நாளும் காலையில் நாங்கள் மூன்று பேரும் தெருவைப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, முதல் வாளியில் வாடை உண்டா, பத்து நிமிடம் கழித்து உண்டா, நிறம் என்ன, முந்தின நாள் மழை உண்டா, வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உண்டா. ஆரம்பத்தில் சிலர் என்னைப் போலவே "எங்க வீட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கதவைச் சாத்தினார்கள். 'எங்க வீட்லயும் இருக்கு' என்று நாங்கள் முதலில் சொன்ன பிறகுதான் உண்மையைச் சொன்னார்கள். ஐந்து முறை தண்ணீர் வந்து போனதும் நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. தெருவில் 34 வீடு. பிள்ளையார் கோயில் பக்கத்துச் சிறு பாலத்துக்கு முந்தின வீடுகளில் வாடையே இல்லை. பாலத்தைத் தாண்டிய வீடுகளில் பதினொன்றில் வாடை. பதினொன்றிலும் முதல் ஐந்தாறு நிமிடம்தான் அதிகம். மழைக்கு மறுநாள் இன்னும் அதிகம். பாப்பாவின் டிராயிங் சார்ட்டில் தெருவை வரைந்து, வாடை வந்த வீடுகளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். பொட்டெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது.

அந்தச் சார்ட்டைப் பார்த்து விளக்கம் சொன்னவர் எங்கள் தெருக்கோடித் தாத்தா. வேறு ஊரில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் தினமும் பார்க்கிறேன், அவருக்கு இதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "பைப்புல தண்ணி நெறஞ்சு அழுத்தமா ஓடுனா, ஓட்டை இருந்தாலும் தண்ணிதாம்மா வெளிய பீச்சும், அழுக்கு உள்ள வராது. நம்ம ஊர்ல ரெண்டு நாளைக்கு முக்கா மணி நேரந்தான் தண்ணி. மிச்ச நேரமெல்லாம் பைப் காலி. ஓட்டை சாக்கடைக்குள்ள முங்கிக் கெடந்தா அது வழியா சாக்கடை உள்ள ஊறி நிக்கும். மறுநா தொறந்து விட்டதும் மொதல்ல அதைத்தான் தள்ளிக்கிட்டு வரும்." பிறகு என்னைப் பார்த்து, "உன் வீட்ல லைன்லயே மோட்டார் போட்டிருக்கியா?" என்றார்.

போட்டிருந்தேன். சம்ப்புக்குத் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று தெருக் குழாயிலிருந்தே இழுக்கிற மாதிரி அரை ஹெச்.பி. மோட்டார். தெருவில் முக்கால்வாசி வீட்டில் உண்டு. அது விதிப்படி தப்பு, பிடித்தால் இணைப்பையே துண்டிப்பார்கள் என்று தெரியும். எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் போட்டேன். ஆனால் அது என்ன செய்கிறது என்று தாத்தா சொன்ன பிறகுதான் புரிந்தது. இருபது மோட்டார் ஒரே நேரத்தில் ஒரு குழாயை இழுத்தால், தண்ணீர் ஓடுகிற நேரத்திலேயே குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி ஓட்டை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். என் பிள்ளை குடித்த அழுக்கில் என் மோட்டார் இழுத்ததும் இருக்கிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் நேரடி மோட்டார் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். சம்ப்பைக் குழாய் மட்டத்துக்குக் கீழே வைத்துத் தண்ணீர் தானாக வந்து விழும்படி செய்து, சம்ப்பிலிருந்து மட்டும் மோட்டார் போடுங்கள்.

மூன்று முறை தண்ணீர் வருகிற வரைக்கும் யாரும் மோட்டார் போட வேண்டாம் என்று தெருவில் பேசினோம். சுலபமாக நடக்கவில்லை. கடைசி வீட்டு அக்கா, "மோட்டார் இல்லேன்னா எனக்கு ஒரு குடம்கூட வராது. உங்களுக்கு நாத்தத் தண்ணி, எனக்கு அதுவும் இல்லைன்னா?" என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னது நியாயம்தான். அவர் வீடு மேட்டில், லைன் முடிகிற இடம். கடைசியில் எல்லோரும் நிறுத்தினால் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். முன்வரிசை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவருக்கு நாலு குடம் கொடுப்பதாகச் சொன்னார்கள். எல்லோரும் நிறுத்திய முதல் நாளே அவர் வீட்டுக் குழாயில், மெல்லியதாகத்தான், ஆனால் தானாகத் தண்ணீர் வந்தது. வாடையும் பாதியாகக் குறைந்தது. ஆனால் போகவில்லை. ஓட்டை எங்கோ இருக்கிறது.

அடுத்ததாகத் தாத்தா சொன்னது குளோரின். டேங்கில் குளோரின் போட்டுத்தான் திறந்து விடுகிறார்கள். அது வீட்டுக் குழாய் வரைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். இதைப் பார்க்கிற குப்பி சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், எவ்வளவு மஞ்சள் என்று பக்கத்தில் இருக்கிற நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். அவரை வேண்டிக் கேட்டு ஒரு விடியற்காலை வரவழைத்தோம். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மழைக்கோட்டோடு சைக்கிளில் ஐந்தே காலுக்கே வந்து நின்றார். பாலத்துக்கு முந்தின வீட்டில் பிடித்த தண்ணீர் நல்ல மஞ்சள். பாலத்தைத் தாண்டிய முதல் வீட்டில் தண்ணீர் வெள்ளையாகவே நின்றது. அழுக்கு கலந்தால் குளோரினை அது தின்றுவிடும் என்று அவர் சொன்னார். ஐம்பது அடி தூரத்துக்குள் நடந்த இந்த வித்தியாசத்தைத் தெருவே நின்று பார்த்தது. வாடை அடிக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அது எங்கள் பேச்சு. இதை அவரே தன் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு ஆய்வகச் சோதனையும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரில் தண்ணீர் ஆய்வகம் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். நான் முதல் தடவை பழைய ஜூஸ் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை, அதுதான் சரி. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே வாங்கிக்கொள்ள வேண்டும். குழாய் வாயைத் துடைத்து, தீக்காட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலின் வாயிலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படாமல் பிடித்து, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாட்டிலில் தேதி, நேரம், இடம் எழுத வேண்டும். ஓடவிட்டுப் பிடிப்பதால் முதல் தண்ணீரின் அழுக்கு போய்விடுமே என்று கேட்டேன். இரண்டு மாதிரி தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டிலும் ஈ-கோலை கிருமி இருந்தது. இந்தியக் குடிநீர் தரமான ஐ.எஸ். 10500-இன்படி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது. மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பஸ் செலவும் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய் தாண்டவில்லை. இதை செப்டம்பரிலேயே செய்திருக்கலாம்.

டிசம்பர் மூன்றாவது வாரம் 31 வீட்டுக் கையெழுத்தோடு மனு கொடுத்தோம். கூடவே சார்ட்டின் நகல், நோட்டின் நகல், ஆய்வக அறிக்கை, குளோரின் பார்த்த தேதி. கவுன்சிலரையும் கூட்டிக்கொண்டு ஒன்பது பேர் போனோம், ஏழு பேர் பெண்கள். மனுவில் 'தண்ணீர் நாறுகிறது, நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதவில்லை. எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரைக்கும், எந்தெந்தத் தேதியில், பாலத்தின் எந்தப் பக்கம் என்று எழுதினோம். பொறியாளர் சார்ட்டை மேசையில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார். "எங்கே தோண்டறதுன்னு தெரியாமதாம்மா ஆளனுப்ப முடியலை. இதுல இடம் தெரியுதே" என்றார். அவர் மேல் இருந்த கோபம் அத்தனையும் அப்போது போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளே ஆள் வந்தது.

தோண்டியவர்களுக்கு மெயின் பைப்பில் ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் தேடினார்கள். குழியை மூடப் போகும்போது, தண்ணீர் திறந்து விடுகிற அண்ணன்தான் பாலத்தை ஒட்டிய பூட்டிய வீட்டைக் காட்டினார். அந்த வீட்டுக்காரர்கள் சென்னைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. வாசல் குழாயை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் மெயினிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிற இணைப்பு அப்படியே உயிரோடு இருந்தது. ஜி.ஐ. என்கிற இரும்புப் பைப், சாக்கடைக்குள்ளேயே குறுக்காகப் போகிறது. சாக்கடையை வாரி வெளியே இறைத்துவிட்டுப் பார்த்தால், பைப்பின் அடிப்பக்கம் துருவில் அரித்து இரண்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை. வீட்டில் யாராவது இருந்திருந்தால் தண்ணீர் வரவில்லை என்று என்றைக்கோ கத்தியிருப்பார்கள். ஆளில்லாத வீடு, யாரும் கேட்கவில்லை. மெயினில் அந்த இணைப்பு ஏறுகிற இடத்திலேயே மூடி அடைத்தார்கள். இரண்டு மணி நேர வேலை. எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்களை இதற்காகவே வேண்டிக் கேட்கிறேன். குழாயைத் திருகி மூடினால் போதாது. எழுதிக் கொடுத்து, மெயினில் இருக்கிற இடத்திலேயே இணைப்பை மூடச் சொல்லுங்கள். திரும்பி வந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். குடியிருக்கிறவர்களும் உங்கள் இணைப்புப் பைப் சாக்கடையை எங்கே கடக்கிறது என்று ஒருநாள் குனிந்து பாருங்கள். மெயினிலிருந்து வீடு வரைக்கும் உள்ள துண்டு நம் பொறுப்பு என்று பொறியாளர் சொன்னார். சாக்கடைக்கு மேலே தூக்கி, மேலே இன்னொரு பெரிய பைப்பை உறை மாதிரி போட்டுக் கொண்டுபோக வேண்டும். பாலத்தைத் தாண்டிய வீடுகளில் பார்த்தபோது இன்னும் ஆறு வீட்டுப் பைப் சாக்கடைக்குள் முங்கிக் கிடந்தது, என்னுடையதும் சேர்த்து. ஆறையும் ஒரே நாளில் மாற்றினோம், சேர்ந்து செய்ததால் கூலி குறைந்தது.

அடைத்த பிறகு லைனைத் திறந்து விட்டு அழுக்கை வெளியேற்றினார்கள். சம்ப்பைக் கழுவி, சுகாதார ஆய்வாளர் சொன்ன அளவில், ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டோம். பவுடரை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பிறகுதான் புழங்க வேண்டும். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது கடைசி வீட்டு அக்கா வீட்டிலும் குப்பியில் மஞ்சள் தெரிந்தது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். கழுவியது, பைப் மாற்றியது, ஏமாந்தது, ஆர்.ஓ., கேன், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து 38,600. தையல் வருமானம் போனதையும் சேர்த்தால் 63,600. பாப்பா ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஜனவரியில்தான் பழைய மாதிரி சாப்பிட ஆரம்பித்தாள்.

குப்பியும் மருந்தும் கடையில் கிடைக்கிறது. வீட்டுக்கு இருபது ரூபாய் போட்டு வாங்கி வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை தெருவின் மூன்று இடத்தில் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். எங்கள் தெருப் பைப் எந்த வருடம் போட்டது, குளோரின் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டேன். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், வந்தது. அதை வைத்து வார்டின் பகுதி சபாவில் பேசினோம். கிராமங்களில் கிராம சபை மாதிரி 2022-லிருந்து நகராட்சிகளிலும் பகுதி சபா உண்டு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே பாலத்தைத் தாண்டிய பகுதிக்குப் பழைய லைனை மாற்ற வேண்டும் என்று எழுத்தில் பதிய வைத்தோம். லைன் இன்னும் மாறவில்லை.

மோட்டார் விஷயம்தான் மனதைப் படுத்துகிறது. வாடை நின்ற மூன்று மாதத்தில் ஏழு வீட்டில் மறுபடி மாட்டிவிட்டார்கள். கோடை வந்துவிட்டது, தண்ணீர் அரை மணி நேரம்தான் வருகிறது, அவர்கள் கஷ்டமும் புரிகிறது. கடைசி வீட்டு அக்கா மட்டும் இன்னும் மாட்டவில்லை. போன வாரம் அவருக்கு மூன்று குடம்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அவரும் நானும் அந்த ஏழு வீட்டுக்கும் போகிறோம். பாப்பாவின் சார்ட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.